ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப்பும் ஒரு துகள் தூசும்

*விலை கூடினால் ஆயுளும் கூடும் என்று நம்பித்தான் பெரிய லேப்டாப் வாங்குகிறோம். அந்த நம்பிக்கை எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது?*

லாஸ் ஏஞ்சலிஸ், 2020 பிப்ரவரி 9. ஆஸ்கர் மேடைக்குப் பின்னால் பத்திரிகையாளர் அறை. ‘ஜோஜோ ராபிட்’ படத்தின் தழுவல் திரைக்கதைக்காக விருது வென்ற நியூசிலாந்து இயக்குநர் டைக்கா வைட்டீட்டி உள்ளே வருகிறார். தயாரிப்பாளர்களுடன் நடக்கப்போகும் பேச்சுவார்த்தையில் எழுத்தாளர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு நிருபர் அவரிடம் கேட்கிறார். சம்பளமோ உரிமைத்தொகையோ அவர் வாயில் முதலில் வரவில்லை. ஆப்பிள் தன் கீபோர்டுகளைச் சரிசெய்தாக வேண்டும், அதில் எழுதவே முடியவில்லை, வரவர மோசமாகிக்கொண்டே போகிறது என்கிறார். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கீயை அழுத்தினால் விரலை மேலே தள்ளிவிடும் அந்த உந்துதல் எவ்வளவோ தேவலை என்றும், தோளிலும் கையிலும் வலி வந்துவிட்டது என்றும் சொல்கிறார்.

உலகமே பார்க்கும் இரவில் கையில் சிலையோடு நிற்கும் ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது தன் லேப்டாப் கீபோர்டு. அந்த அளவுக்கு அந்தக் குறை எழுதிப் பிழைப்பவர்களின் அன்றாடத்துக்குள் புகுந்திருந்தது. விலை மலிவான பொருளில் வந்த குறையும் இல்லை அது. சந்தையிலேயே விலை அதிகமான லேப்டாப் வரிசைகளில் ஒன்றில், உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் தயாரிப்பில், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்த குறை.

இன்று ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கொடுத்து லேப்டாப் வாங்குவது பணக்காரர்களின் பழக்கமாக மட்டும் இல்லை. கல்லூரி செல்லும் மகளுக்காக மாதத் தவணை கட்டும் அப்பா, வீட்டிலிருந்து வடிவமைப்பு வேலை செய்பவர், கல்யாண வீடியோ எடிட் செய்பவர் என எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ‘கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, பல வருடம் உழைக்கும்.’ ஆப்பிளின் மேக்புக் லேப்டாப் உரிமையாளர்களின் பத்தாண்டு அனுபவம், இந்தக் கணக்கு எப்போது சரியாக வரும், எப்போது பொய்த்துப்போகும் என்று தெளிவாகக் காட்டுகிறது.

மெலிவுக்குக் கொடுத்த விலை

2015 ஏப்ரலில் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 13.1 மில்லிமீட்டர் தடிமன், 920 கிராம் எடை, அமெரிக்காவில் 1,299 டாலர். இவ்வளவு மெலிதாக்குவதற்காகக் கீபோர்டைப் புதிதாக வடிவமைத்தார்கள்.

வழக்கமான லேப்டாப்பில் ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு குட்டி பிளாஸ்டிக் கைகள் கத்தரிக்கோல்போலக் குறுக்கே பின்னியிருக்கும். நடுவில் ஒரு ரப்பர் குமிழ். புதிய கீபோர்டில் அந்தக் கைகள் நடுவில் கீலிடப்பட்டு இறக்கைகளாக விரிந்தன. ரப்பர் குமிழ் போய், எஃகுக் குமிழ் வந்தது. ‘பட்டாம்பூச்சி’ என்று பெயர் வைத்தார்கள். பழைய அமைப்பைவிட 40 சதவீதம் மெலிது என்று நிறுவனம் பெருமையாக அறிவித்தது. கீ கீழே இறங்கும் தூரம் சுமார் அரை மில்லிமீட்டராகச் சுருங்கியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ரொட்டித் துணுக்கோ மணலோ ஒரு துகள் நுழைந்தால் போதும், கீ அழுந்தாது. அழுந்தினாலும் எழுத்து விழாது, அல்லது ஒரே எழுத்து இரண்டு முறை விழும். பழைய கீபோர்டாக இருந்தால் கீயைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டலாம். இதில் கழற்றப்போனால் நூலளவு மெலிந்த அந்த இறக்கைகள் உடைந்துவிடும் ஆபத்து. ஆப்பிளே வெளியிட்ட துப்புரவுக் குறிப்பு என்ன சொன்னது தெரியுமா? லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றுக் குப்பியால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும். பிறகு லேப்டாப்பை ஒரு பக்கமாகத் திருப்பி மறுபடி ஊத வேண்டும். இன்னொரு பக்கம் திருப்பி இன்னொரு முறை.

2016 அக்டோபரில் இதே வகைக் கீபோர்டு தொழில்முறைப் பயனர்களுக்கான மேக்புக் ப்ரோவுக்கும் வந்தது. இந்தியாவில் அதன் தொடக்க விலை 1,29,900 ரூபாய். தொடுபட்டை வைத்த மாடல்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின.

---

பெட்டிச் செய்தி: ஒரு கீபோர்டின் ஐந்து ஆண்டுகள்

● 2015 ஏப்ரல்: பட்டாம்பூச்சி கீபோர்டுடன் 12 அங்குல மேக்புக்.
● 2016 அக்டோபர்: இரண்டாம் தலைமுறை, மேக்புக் ப்ரோவில்.
● 2018 மே: கலிபோர்னியா நீதிமன்றத்தில் உரிமையாளர்களின் கூட்டு வழக்கு.
● 2018 ஜூன்: இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிப்பு.
● 2018 ஜூலை: கீகளுக்கு அடியில் சிலிகான் சவ்வு வைத்த மூன்றாம் தலைமுறை.
● 2019 மே: எல்லா பட்டாம்பூச்சி மாடல்களுக்கும் திட்டம் விரிவு.
● 2019 நவம்பர்: 16 அங்குல மேக்புக் ப்ரோவில் மீண்டும் கத்தரி அமைப்பு. கீ இறங்கும் தூரம் 1 மில்லிமீட்டர்.
● 2020 மே: 13 அங்குல மேக்புக் ப்ரோவும் மாறியது. பட்டாம்பூச்சிக்கு விடை.

---

எழுத்து விழாத கட்டுரை

முதலில் பேசியவர்கள் எழுதிப் பிழைப்பவர்கள். 2017 அக்டோபரில் ‘தி அவுட்லைன்’ இதழில் கேசி ஜான்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் தன் மேக்புக் ப்ரோவின் கதையை எழுதினார். ஸ்பேஸ்பார் வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் தூசு என்றார்கள். ஒரு தூசுக்காகக் கீபோர்டு, பேட்டரி எல்லாம் சேர்ந்த மேல்பாகத்தையே மாற்ற வேண்டும். வாரன்ட்டி இல்லாதவருக்கு அந்த வேலைக்கு 700 டாலர் வரை ஆகும்.

2019 மார்ச்சில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழின் தொழில்நுட்பப் பத்தியாளர் ஜோனா ஸ்டெர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார். கெட்டுப்போன தன் கீபோர்டில் தட்டிய கட்டுரையை, எழுத்துகள் விட்டுப்போனது விட்டுப்போனபடியே அச்சில் கொண்டுவந்தார். தலைப்பிலேயே எழுத்துகள் காணவில்லை. வாசகர் அந்தப் பத்தியைப் படிக்கத் திணறியபோது, உரிமையாளர்கள் தினமும் படும் பாடு தானாகப் புரிந்தது. ‘ஒரு சிறு எண்ணிக்கையிலான’ பயனர்களுக்குப் பிரச்சினை இருப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெரும்பான்மையோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னது.

அந்தச் ‘சிறு எண்ணிக்கை’ உரிமையாளர்களைக் கொதிக்க வைத்தது. ரூபி ஆன் ரெயில்ஸ் மென்பொருளை உருவாக்கிய டேவிட் ஹைன்மயர் ஹான்சன் தன் நிறுவனமான பேஸ்கேம்ப்பில் கணக்கெடுத்தார். இந்தக் கீபோர்டு வைத்திருந்த 47 ஊழியர்களில் 30 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் கீபோர்டு தொல்லை இருந்தது. ஏற்கெனவே மாற்றி வாங்கியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆப்பிளைப் பல வருடம் ஆதரித்து எழுதிவந்த ஜான் க்ரூபர், அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிக மோசமான தயாரிப்பு இதுதான் என்று எழுதினார். விரும்பி வாங்கியவர்களே வெறுத்துப் பேசியதுதான் நிறுவனத்தை அசைத்தது.

இதற்கிடையே 2018-ல் கீகளுக்கு அடியில் மெல்லிய சிலிகான் சவ்வு ஒன்று வந்தது. சத்தம் குறையத்தான் என்று நிறுவனம் வெளியே சொன்னது. ஆனால் லேப்டாப்களைப் பிரித்துப் பார்த்து எழுதும் ஐஃபிக்ஸிட் குழு அதன்மேல் மாவுபோன்ற பொடியைத் தூவிச் சோதித்தது. சவ்வு பொடியை ஓரத்திலேயே தடுத்தது. சர்வீஸ் ஊழியர்களுக்கான ஆப்பிளின் உள் ஆவணம் வெளியானபோது, அதிலும் தூசு புகாமல் தடுக்கத்தான் இந்தச் சவ்வு என்று இருந்தது. அதே குழு அடுத்து மணலைத் தூவியது. சில மணல் துகள்களிலேயே கீ மாட்டிக்கொண்டது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கீபோர்டு கெடுவது புதிதல்ல. எந்த நிறுவனத்தின் லேப்டாப்பிலும் கெடும். கெட்டால் என்ன செலவாகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மேக்புக்கின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றித் திறந்தால் முதலில் தெரிவது பேட்டரி. அது பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதையும் மதர்போர்டையும் எடுத்தால்தான் கீபோர்டு தெரியும். கீபோர்டோ அலுமினிய மேல்பாகத்தோடு வரிசை வரிசையாக ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் அதிகாரப்பூர்வ சர்வீஸில் கீபோர்டை மட்டும் மாற்றுவதில்லை. கீபோர்டு, பேட்டரி, அலுமினியம் எல்லாம் சேர்ந்த ‘டாப் கேஸ்’ முழுதாக மாறும். ஒரு கீ கெட்டதற்கு நன்றாக உள்ள பேட்டரியும் சேர்ந்து போகும். பில்லும் அதற்கேற்ப ஏறும்.

இது கீபோர்டோடு நிற்கவில்லை. 2016 மேக்புக் ப்ரோவில் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள், மூடித் திறக்கும்போதெல்லாம் உராய்ந்து சில ஆண்டுகளில் தேய்ந்துபோனது. திரையின் அடியில் மேடை விளக்குகள்போல ஒளித்திட்டுகள் தெரியும். பிறகு திரையே அணைந்துவிடும். அந்தக் கேபிள் திரையோடு ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்ததால், கேபிள் போனால் திரையையே மாற்ற வேண்டும். 2018 மாடலில் அதே கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக வந்தது. 2019 மே மாதம் 13 அங்குல 2016 மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கம் அறிவிக்கப்பட்டது.

2018 அக்டோபரில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி மறைகேமராவுடன் ஒரு சோதனை நடத்தியது. திரை சரியாகத் தெரியாத ஒரு மேக்புக் ப்ரோவை ஆப்பிள் கடைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே ஈரம் பட்டிருக்கிறது என்று சொல்லி, 1,200 கனடிய டாலருக்கு மேல் செலவாகும் என்றார்கள். அதே லேப்டாப்பை நியூயார்க்கில் தனியாகக் கடை வைத்திருக்கும் லூயிஸ் ராஸ்மனிடம் கொடுத்தார்கள். வளைந்திருந்த ஒரு பின்னைச் சில நிமிடங்களில் நிமிர்த்தினார். திரை எரிந்தது. இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டேன் என்றார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் விலை உயர்ந்த லேப்டாப்பின் உண்மையான மதிப்பு கிடக்கிறது. ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தோடு செலவு நிற்குமா, இல்லை பொருளின் விலையில் பாதிவரை ஓடுமா? கடையில் பளபளக்கும் அலுமினியத்தைத் தடவிப் பார்க்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. விற்பவரும் சொல்வதில்லை.

நிவாரணம் யாருக்குக் கிடைத்தது?

2018-ல் வந்த கீபோர்டுத் திட்டம், லேப்டாப் முதன்முதலாக விற்கப்பட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசப் பழுதுநீக்கம் தந்தது. ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் திரும்பக் கேட்கவும் வழி இருந்தது. 2019 மே மாதம் அது விரிவானபோது விசித்திரமான ஒன்று நடந்தது. அன்று அறிமுகமான புத்தம்புது மேக்புக் ப்ரோவும், பெட்டி பிரிக்கும் முன்பே பழுதுநீக்கப் பட்டியலில் இருந்தது.

ஆனால் இலவசமாக மாற்றித் தரப்பட்டதும் பெரும்பாலும் அதே வகைக் கீபோர்டுதான். மாற்றியதும் கெட்டது என்பதே நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. 2022 ஜூலையில் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. ஆப்பிள் தன் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. மேல்பாகத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை மாற்றியவர்களுக்கு அதிகபட்சம் 395 டாலர், ஒருமுறை மாற்றியவர்களுக்கு 125 டாலர் வரை, கீ மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை என்று முடிவானது. அதுவும் கலிபோர்னியா, நியூயார்க், ஃபுளோரிடா, இல்லினாய், மிச்சிகன், நியூ ஜெர்சி, வாஷிங்டன் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். வழக்கு தொடங்கிக் காசோலை கைக்கு வருவதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

சென்னையிலோ கோவையிலோ அதே லேப்டாப்பை, அமெரிக்க விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவருக்கு இதில் ஒரு பைசாகூட இல்லை. இலவசப் பழுதுநீக்கம் இங்கும் உண்டுதான். ஆனால் 2023 ஏப்ரல் வரை இந்தியாவில் ஆப்பிளுக்குச் சொந்தக் கடையே கிடையாது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் உள்ள ஊருக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், விட்டுவிட்டு வந்து, வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களின் கூலியை எந்தத் திட்டமும் ஈடு செய்வதில்லை. இன்று அந்த நான்கு ஆண்டுக் காலமும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முடிந்துவிட்டது. 2025-ல் வந்த ஆப்பிளின் இயங்குதளமான மேகோஸ் டஹோ, பட்டாம்பூச்சி கீபோர்டு உள்ள எந்த மாடலிலும் ஓடாது.

அதே நிறுவனம், வேறு அனுபவம்

இதைப் படித்துவிட்டு ‘ஆப்பிள் என்றாலே ஏமாற்று’ என்று முடிவு கட்டினால் அதுவும் நியாயமல்ல. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரின் இந்திய விலை 92,900 ரூபாய். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 18 மணி நேரம் வரை வீடியோ பார்க்கலாம் என்றார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் புதிய மேகோஸ் அதில் ஓடுகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகள் அதே பழைய மாடலை 699 டாலருக்குப் புதிதாகவே விற்கத் தொடங்கின. மூன்றரை வயதான ஒரு லேப்டாப்புக்கு இப்படி ஒரு மறுவாழ்வு அபூர்வம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 92,900 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 18,580 ரூபாய். 50,000 ரூபாய் லேப்டாப் மூன்று ஆண்டுகளில் கைவிட்டால் ஆண்டுக்கு 16,667 ரூபாய். விலையில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் இருந்த இரண்டும், ஆண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. 2016-ல் 1,29,900 ரூபாய்க்கு ப்ரோ வாங்கியவருக்கோ, திட்டம் காலாவதியான பிறகு ஒரு கீ போனால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். லோகோ ஒன்றுதான், வடிவமைப்பு மாறும்போது வாங்கியவரின் விதியும் மாறுகிறது.

எம்1 ஏரிலும் ராம், சேமிப்பகம் எல்லாமே போர்டில் பற்றவைக்கப்பட்டவை. சேமிப்புச் சிப் போனால் போர்டும் போகும், உள்ளே இருக்கும் புகைப்படங்களும் போகும். 8 ஜிபி போதாது என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தால் கூட்டிக்கொள்ள வழியில்லை. வாங்கும் நாளிலேயே 20,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்து 16 ஜிபி வாங்கியிருக்க வேண்டும்.

மற்ற நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. 2008-ல் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்களில் வந்த கோளாறு ஹெச்பி, டெல், ஆப்பிள் மூன்றின் லேப்டாப்களையும் முடக்கியது. மறுபக்கம், எளிதில் பிரித்துச் சரிசெய்யும்படி தரமான லேப்டாப்பைச் செய்ய முடியாது என்ற சாக்கும் இன்று எடுபடாது. 2021-லிருந்து ஃப்ரேம்வொர்க் நிறுவனம் அப்படித்தான் செய்கிறது. 2024-ல் லெனோவாவின் திங்க்பேட் டி14, ஐஃபிக்ஸிட்டின் பழுதுநீக்க மதிப்பெண்ணில் 10-க்கு 9 வாங்கியது.

---

பெட்டிச் செய்தி: பணம் கட்டும் முன்

● கீபோர்டு, திரை, பேட்டரி: வாரன்ட்டி முடிந்தபின் ஒவ்வொன்றையும் மாற்ற என்ன செலவு என்று சர்வீஸ் சென்டரில் தனித்தனியாகக் கேளுங்கள்.
● ராமும் சேமிப்பகமும் பிறகு கூட்ட முடியுமா? முடியாதென்றால் இன்றே தேவைக்கு மேல் ஒரு படி வாங்குங்கள்.
● முற்றிலும் புதிய வடிவமைப்பின் முதல் தலைமுறையை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஓராண்டு பொறுத்தால் குறைகள் வெளியே வந்துவிடும்.
● பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் முன்னிலையிலேயே எல்லா கீகளையும் தட்டிப் பாருங்கள். பேட்டரி சைக்கிள் எண்ணிக்கையைப் பாருங்கள். இன்றைய மேக்புக்குகளுக்கு 1,000 சைக்கிள் என்பது கணக்கு.
● ஆப்பிள் ஒரு மாடலின் விநியோகத்தை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆனால் அது ‘விண்டேஜ்’. ஏழு ஆண்டுகள் ஆனால் ‘அப்சலீட்’. உதிரிபாகம் கிடைப்பது அதைப் பொறுத்தது.

---

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு உரிமை வேண்டும்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று போர்டு வைத்த கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதிகாரப்பூர்வ சென்டர் டாப் கேஸ் முழுவதையும் மாற்றச் சொல்லும் இடத்தில், இத்தகைய கடைகளில் பழைய கீபோர்டை ரிவெட்டோடு பிய்த்தெடுத்து, புதிய கீபோர்டைக் குட்டித் திருகுகளால் பொருத்திவிடுவார்கள். திறமை நம் தெருவிலேயே இருக்கிறது. அசல் உதிரிபாகமும் சர்க்யூட் வரைபடமும்தான் அவர்கள் கைக்கு வருவதில்லை. வாரன்ட்டிக் காலத்தில் அவர்களிடம் போக வாடிக்கையாளருக்கும் பயம்.

வெளிநாடுகளில் சட்டம் இதற்கு வழி திறந்திருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போது பழுதுநீக்க மதிப்பெண்ணை 10-க்கு இத்தனை என்று விலையின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலருக்கு மேற்பட்ட மின்னணுப் பொருட்களுக்கு ஏழு ஆண்டுகள் உதிரிபாகமும் கையேடும் தரச் சொல்கிறது. ஆப்பிளும் 2022-ல் அமெரிக்காவில் மேக்புக் உதிரிபாகங்களை நேரடியாக விற்கத் தொடங்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுநீக்க மதிப்பெண் குறித்து ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. உதிரிபாகம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயச் சட்டம்தான் இன்னும் வரவில்லை.

---

பெட்டிச் செய்தி: குறை வந்தால் என்ன செய்யலாம்?

● தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.
● 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம்.
● 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.
● பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.
● பில், ஒவ்வொரு சர்வீஸின்போதும் தரப்படும் ஜாப் ஷீட், குறையைக் காட்டும் வீடியோ: மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ‘மறுபடி வந்த குறை’ என்பதை நிரூபிக்க ஜாப் ஷீட்தான் கை கொடுக்கும்.

---

பட்டாம்பூச்சி கீபோர்டைக் கைவிட வைத்தது உரிமையாளர்களின் கூட்டுக் குரல். வெட்கப்படாமல் குறையை வெளியே சொன்னார்கள், கணக்கெடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் கீபோர்டு மாறியது. ஆனால் கீபோர்டோடு சேர்த்து அடிக்கப்பட்ட ரிவெட் மாறவில்லை. அதை மாற்றும் வலிமை தனி வாடிக்கையாளருக்குக் கிடையாது, சட்டத்துக்குத்தான் உண்டு. ஒன்றரை லட்சம் ரூபாய் பொருளின் விலைப்பட்டியலில் ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று அச்சிடும் நிறுவனங்கள், கீபோர்டு போனால் எவ்வளவு, பேட்டரி போனால் எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதையும் அதே பட்டியலில் அச்சிட வேண்டும். மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை, கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்போம். பதில் சொல்லத் தயங்கும் கடையில் பணத்தைக் கட்ட வேண்டாம்.